நிறுத்தப் பலகை மறைந்தது, மரங்கள் நின்றன: ரயில் சிமுலேட்டர் வழித்தடம் ஒன்றில் காட்சிப் பொருள் அமைப்புகளைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டரில் ஓடும் ஒரு வழித்தடத்தைப் பற்றியது இந்த ஆய்வு. காடு சூழ்ந்த சரிவில் ஒற்றைப் பாதையாக இறங்கி வரும் கிளைத் தடம் ஒன்று, சந்திப்பு நிலையத்தில் பிரதானப் பாதையோடு சேர்கிறது. ஊரும் நிலையமும் கற்பனையானவை. தடத்தை உருவாக்கியவரை வழித்தட ஆசிரியர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். அவருக்கு இரண்டு சோதனையாளர்கள் உதவினார்கள். ஒருவரிடம் பழைய மடிக்கணினி; மற்றவரிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய புதிய மேசைக்கணினி. எடிட்டர் மென்பொருள் வேலைகளில் ஒரு தன்னார்வலர் கைகொடுத்தார். பொருள் கோப்புகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பில் இருந்தது.

தடத்தின் கோப்புகள் 2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் அமைப்பில் எழுதப்பட்டவை. ஓப்பன் ரெயில்ஸ் அந்த அமைப்பை அப்படியே படித்துக்கொள்ளும். நிலப்பரப்பு 2048 மீட்டர் பக்க அளவுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கு டைல் என்று பெயர். ஒவ்வொரு டைலுக்கும் ஒரு வேர்ல்டு கோப்பு உண்டு. மரமோ வீடோ விளக்குக் கம்பமோ, எதை நட்டாலும் அந்தக் கோப்பில் அதற்கு ஒரு பதிவு ஏறும். அடையாள எண், ஷேப் கோப்பின் (முப்பரிமாண மாதிரியின்) பெயர், நிற்கும் இடம், திரும்பியிருக்கும் திசை, ஃபிளாக் எண் (நிழல் முதலிய தன்மைகளைக் குறிக்கும் பிட்களின் தொகுப்பு), விவர நிலை (எந்த அடர்த்தியிலிருந்து பொருள் தெரிய வேண்டும் என்ற எண்) ஆகியவை அதில் இருக்கும்.

ஒரு பொருள் திரையில் எப்படித் தெரியும் என்பது மூன்று அடுக்குகளில் முடிவாகிறது. வேர்ல்டு கோப்பில் இருப்பது அந்த ஒரு பதிவுக்கு மட்டும் பொருந்தும். அதே மரம் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் அதை அது தொடாது. ஷேப் கோப்பிலும் அதன் துணையான எஸ்.டி. கோப்பிலும் இருப்பது அந்த மாதிரி தடம் முழுவதும் எங்கெல்லாம் நடப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் பொருந்தும். இவற்றுக்கு மேலே, ஆட்டக்காரர் தன் கணினிக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளும் விருப்பத் தேர்வுகள் இருக்கின்றன: பார்வைத் தொலைவு, பொருள் அடர்த்தி, நிழல் முதலியவை. ஒரு குறை தெரிந்தால் இந்த மூன்றில் எந்த அடுக்கில் கை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டியது.

வந்த புகார்கள்

முதல் புகார் மடிக்கணினிச் சோதனையாளரிடமிருந்து வந்தது. சரிவுப் பாதையில் சீராக ஓடிய ஆட்டம், சந்திப்பு நிலையத்தின் ஹோம் சிக்னலை (நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் சிக்னலை) நெருங்கும்போது திக்கத் தொடங்கியது. நொடிக்கு 60 ஃபிரேமை (திரையில் வரையப்படும் படங்களை) ஒட்டி இருந்த வேகம் 15 அளவுக்கு இறங்கியது. பிரேக் கைப்பிடியை அசைத்தால் திரையில் அதன் விளைவு தாமதமாகத் தெரிந்தது. நடைமேடையில் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்திலேயே இப்படி ஆனால், அந்த நிலையத்தை வைத்து எழுதப்பட்ட எந்தப் பயணத்தையும் ஒழுங்காக ஓட்ட முடியாது.

யாரும் செய்யக்கூடியதையே அவரும் செய்தார். விருப்பத் தேர்வுகளில் பொருள் அடர்த்தியைக் குறைத்து 4 என்று வைத்தார். பிறகு அனுப்பிய குறிப்பில் இப்படி எழுதியிருந்தார்: “திக்கல் கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஆனால் நடைமேடை முனையில் இருந்த நிறுத்தப் பலகையைக் காணோம். சரிவில் இருந்த விசில் பலகைகளும் இல்லை. எதைப் பார்த்து வண்டியை நிறுத்துவது என்று சொல்லுங்கள்.”

மேசைக்கணினிச் சோதனையாளருக்குத் திக்கல் இல்லை. அவருடைய குறை வேறு. குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்துப் பனியில் ஓட்டியபோது கூரைகளும் தரையும் வெண்மையாக இருக்க, நிலையத்தைச் சுற்றியிருந்த மரங்கள் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. இந்த இரண்டு புகார்களுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சோதித்துப் பார்த்தவை

அளவிடுவதற்கு முன் நிலைமைகளை ஒன்றாக்கிக்கொண்டோம். ஒரே பயணம், ஒரே நேரம், ஒரே வானிலை. ஹோம் சிக்னலுக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி எஃப்2 விசையால் சேமித்துவிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்தோம். பார்வை எப்போதும் ஓட்டுநர் அறையிலிருந்துதான். வெளியே பறக்கும் கேமராவில் அளந்தால் எண் கிடைக்கும். ஆனால் ஓட்டுகிறவர் பார்க்கும் காட்சியின் எண்ணாக அது இருக்காது. செங்குத்து ஒத்திசைவையும் அணைத்து வைத்தோம். அது இயங்கினால் ஃபிரேம் வேகம் திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு கட்டுப்பட்டுவிடும். சிறிய முன்னேற்றங்கள் கண்ணுக்கே தெரியாது.

எஃப்5 விசையை அழுத்தினால் திரையில் வரும் தகவல் பலகையில் பல பக்கங்கள் உண்டு. ஷிஃப்டுடன் சேர்த்து அழுத்திப் புரட்டிக்கொண்டே போனால் பிழைதிருத்தப் பக்கம் வரும். அதில் இரண்டு எண்கள் எங்களுக்கு முக்கியமாக இருந்தன. ஒரு ஃபிரேமில் எத்தனை துண்டுகள் தனித்தனியாக வரையப்படுகின்றன என்பதைக் காட்டும் பிரிமிட்டிவ் எண்ணிக்கை ஒன்று. நிழலுக்காக மட்டும் வரையப்படும் துண்டுகளின் எண்ணிக்கை மற்றொன்று. சரிவில் இரண்டுமே மிதமாக இருந்தன. ஹோம் சிக்னல் அருகே இரண்டும் பல மடங்கு ஏறின. நிழல் எண்ணிக்கை முதல் எண்ணிக்கையையே தாண்டியது. வரைய வேண்டிய முக்கோணங்கள் அதிகம் என்பதைவிட, வரைதல் ஆணைகள் அதிகம் என்பதுதான் சிக்கல் என்று அங்கேயே புரிந்தது. ஒரே மரத்தின் ஷேப் நினைவகத்தில் ஒருமுறைதான் ஏறும். ஆனால் எங்கள் அமைப்பில், நடப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் அது தனியாக வரையப்பட்டது. அடிமரத்துக்கு ஒரு டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்), இலைக்கு இன்னொரு டெக்ஸ்சர் என்றால் ஒரு மரத்துக்கு இரண்டு ஆணைகள்.

அடுத்து நிலைய டைலின் வேர்ல்டு கோப்பை உரையாகத் திறந்து படித்தேன். சந்திப்பு நிலையத்தைச் சுற்றியுள்ள தோப்புக்காக ஆசிரியர் வெளியிலிருந்து ஒரு மரத் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். அழகான மாதிரிகள், பக்கத்தில் நின்று பார்த்தால் இலை இலையாகத் தெரியும். அந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் தனித்தனிப் பதிவுகளாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விவர நிலை எழுதப்படவே இல்லை.

புதிர் இங்கேதான் அவிழ்ந்தது. பொருள் அடர்த்தி என்ற தேர்வு 0 முதல் 99 வரை போகும். பழைய அமைப்பில் எழுதப்பட்ட தடங்கள் 0 முதல் 10 வரையிலான நிலைகளையே பயன்படுத்துவதால், அவற்றுக்கு 10க்கு மேல் எதை வைத்தாலும் ஒன்றுதான். ஒரு பொருளின் விவர நிலை, ஆட்டக்காரர் வைத்த அடர்த்தியைவிடப் பெரியதாக இருந்தால் அந்தப் பொருள் ஏற்றப்படாது. தனியாக நிலை எழுதப்படாத பொருள், வேர்ல்டு கோப்பில் தனக்கு முன்னால் வரும் வாட்டர்மார்க் வரியின் எண்ணை எடுத்துக்கொள்ளும். தோப்பு மரங்கள் மொத்தமாக ஒட்டப்பட்டபோது வாட்டர்மார்க் 1 என்ற வரியின் கீழே போய் விழுந்திருந்தன. நிறுத்தப் பலகையும் விசில் பலகைகளும் ஆசிரியர் தாமே செய்து, கையால் ஒவ்வொன்றாக நட்டவை. “நுணுக்கமான பொருள்கள்” என்று கருதி அவற்றுக்கு 8 கொடுத்திருந்தார். ஆகவே அடர்த்தியை 4 ஆக்கியதும் பலகைகள் எல்லாம் போயின. ஒரு மரம்கூடப் போகவில்லை. எந்த ஆட்டக்காரருக்காக அந்தத் தேர்வு இருக்கிறதோ, அவருக்கே அது எதிராக வேலை செய்தது.

நிழல் எண்ணிக்கைக்கும் காரணம் கிடைத்தது. ஃபிளாக் எண்ணில் நிழலுக்காக நான்கு பிட்கள் உண்டு: வட்ட நிழல், செவ்வக நிழல், மரவரிசை நிழல், இயங்கு நிழல். பழைய சிமுலேட்டருக்காகப் பொருள்களை நட்டவர்கள் முதல் மூன்றையும் தயங்காமல் பயன்படுத்தினார்கள். ஓப்பன் ரெயில்ஸ் இந்த நான்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எது இருந்தாலும் அந்தப் பொருள் முழுமையான நிழலை விழுத்தும். தோப்பின் ஒவ்வொரு மரத்திலும் வட்ட நிழல் பிட் இருந்தது. இயங்கு நிழல்களை ஆன் செய்த கணினியில் அந்த மரங்கள் எல்லாம் நிழலுக்காக மறுபடியும் வரையப்பட்டன. நிழல் பல தொலைவு அடுக்குகளாகக் கணக்கிடப்படுவதால் சில மரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் வரையப்பட்டன.

பனிக்காலப் பச்சை மரங்களின் விஷயம் எளிது. எஸ்.டி. கோப்பில் மாற்று டெக்ஸ்சரைக் குறிக்கும் ஒரு எண் உண்டு. 1 என்றால் பனி, 256 என்றால் இரவு, இரண்டும் வேண்டுமென்றால் 257, எல்லாப் பருவங்களும் வேண்டுமென்றால் 252. அந்த மரங்களின் எஸ்.டி. கோப்புகளில் 0 இருந்தது. பனி டெக்ஸ்சர்கள் தொகுப்புடன் வந்து, உரிய துணைக் கோப்புறையில் சும்மா கிடந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பார்வைத் தொலைவைக் குறைக்கும்படி ஆட்டக்காரர்களுக்குக் குறிப்பு எழுதிவிடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. அதை ஏற்கவில்லை. தொலைவைக் குறைத்தால் சரிவிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சி வெட்டுப்படும். ஒரு நிலையத்தின் குறைக்காகத் தடம் முழுவதும் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை.

தோப்பில் பாதியை அழித்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. ஆசிரியர் மறுத்தார், அவர் மறுத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். அந்தத் தோப்புக்குள்ளிருந்து வண்டி வெளியே வரும்போது நிலையம் திடீரென்று விரிகிறது. ஓட்டுநருக்கு அது ஓர் அடையாளமும்கூட. தோப்பு தொடங்கும் இடத்தில் பிரேக் பிடிக்க ஆரம்பித்தால் வண்டி நடைமேடையில் சரியாக நிற்கும். தடம் கட்டுகிறவர்கள் இத்தகைய அடையாளங்களைத் தெரிந்தும் தெரியாமலும் உருவாக்கிவிடுகிறார்கள். அவற்றை அழிக்கும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

ஆகவே அடுக்கு அடுக்காகப் பிரித்துக்கொண்டோம்.

விவர நிலையை ஓட்டுநரின் தேவையை வைத்து மறுபடியும் வகுத்தோம். நிறுத்தப் பலகை, விசில் பலகை, நடைமேடை, ஓட்டுநர் தூரம் கணிக்க உதவும் தண்ணீர்த் தொட்டி, கடவுப்பாதைக் காவலர் அறை ஆகியவற்றுக்கு 0. நிலையக் கட்டடமும் பாதையை ஒட்டிய வீடுகளும் 2 முதல் 3 வரை. பாதை ஓரத்து முதல் வரிசை மரங்கள் 5. பின்வரிசை மரங்கள் 7. நடைமேடைப் பெஞ்சு, குப்பைத் தொட்டி, வேலிக்குப் பின்னால் கிடக்கும் பழைய சக்கரங்கள் போன்றவை 8, 9. பொருள் எவ்வளவு சிறியது என்று பார்க்கவில்லை. அது இல்லாவிட்டால் ஓட்டுநருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தோம். நிறுத்தப் பலகை உள்ளங்கையளவுதான் தெரியும், ஆனால் அது இல்லாமல் ஓட்ட முடியாது. இவை எல்லாம் வேர்ல்டு கோப்பில் செய்ய வேண்டியவை. இடத்தைப் பொறுத்து ஒரே மரத்துக்கு நிலை மாறுகிறதல்லவா?

நிழல் பிட்டையும் வேர்ல்டு கோப்பிலேயே திருத்தினோம். நடைமேடை மீதும் தண்டவாளத்தின் மீதும் நிழல் விழும் மரங்களுக்கு அதை விட்டுவைத்தோம். மாலைப் பயணத்தில் அந்த நிழல்கள் வழியாக வண்டி போவது அழகு. அதை இழக்க எனக்கும் மனமில்லை. தோப்பின் உள்ளே, கட்டடங்களுக்குப் பின்னால் நிற்பவற்றில் நீக்கினோம். எல்லாப் பொருள்களுக்கும் நிழல் என்ற தேர்வை ஒருவர் தானே ஆன் செய்தால் இந்த பிட்டுக்கு மதிப்பு இருக்காது. அது அவருடைய கணினி, அவருடைய முடிவு.

பின்வரிசை மரங்களைத் தனிப் பொருள்களாக வைத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தோம். காட்டுப் பொருள் என்ற வகை ஒன்று இருக்கிறது. ஒரு செவ்வகப் பரப்பு, மர டெக்ஸ்சர், எண்ணிக்கை, மரத்தின் அளவு, அளவு மாறுபடும் வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால் சிமுலேட்டரே தரையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மரங்களை நிரப்பிவிடும். அந்தப் பரப்பு முழுவதும் ஒரே துண்டாக வரையப்படும். நூற்றுக்கணக்கான ஆணைகள் செய்த வேலையை ஒன்று செய்கிறது. கிட்டே போனால் அவை தட்டையான படங்கள்தான். ஆனால் பின்வரிசைக்கு யாரும் கிட்டே போவதில்லை.

எந்தத் தொலைவு வரை எந்த மாதிரியை வரைவது என்று சொல்லும், ஷேப் கோப்பில் உள்ள தொலைவுப் படிநிலைதான் நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. அந்த மரங்களுக்கு ஒரே படிநிலை, 2000 மீட்டர் வரை. எட்டத்தில் புள்ளியாகத் தெரியும்போதும் முழு மாதிரியும் வரையப்படுகிறது. அந்த எண்ணை 600 ஆக்கினால் போதுமே என்று தன்னார்வலர் கேட்டார். இரண்டு காரணங்களால் வேண்டாம் என்றேன். எளிமையான இரண்டாவது மாதிரி இல்லாமல் எண்ணை மட்டும் குறைத்தால், 600 மீட்டருக்கு அப்பால் மரமே இருக்காது. நேரே பார்த்து ஓட்டும் ஓட்டுநரின் கண் முன்னால் மரங்கள் திடீர் திடீரென்று முளைக்கும். அதோடு, பொருள்களைத் தொடுவானம் வரை நீட்டிக் காட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தவர்களுக்கு இந்த எண் மாற்றத்தால் எந்தப் பயனும் இல்லை. இதற்கெல்லாம் மேலாக, ஷேப் கோப்புகள் வேறொருவரின் உழைப்பு. அவற்றை மாற்றி வெளியிட அவருடைய அனுமதி தேவை. ஆசிரியர் அவருக்கு எழுதினார். பதில் வரும்வரை ஷேப் கோப்புகளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

எஸ்.டி. கோப்பில் 0 என்பதை 1 ஆக்குவதற்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. தொகுப்பின் குறிப்பிலேயே பருவ டெக்ஸ்சர் எண்ணைத் தடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

செய்தபோது நேர்ந்தவை

எல்லாக் கோப்புகளையும் பிரதி எடுத்து வைத்த பிறகே தொடங்கினோம். வேர்ல்டு கோப்புகள் 16-பிட் யூனிகோட் உரையாக இருக்க வேண்டும். சாதாரண எடிட்டரில் திறந்து வேறு குறியாக்கத்தில் சேமித்தால் டைல் ஏறாமல் போகக்கூடும். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் குறியாக்கத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

முதல் இடறல் நிழல் பிட்டில் வந்தது. தன்னார்வலர் தேடி மாற்றும் கட்டளையால் நிலைய டைல் முழுவதும் ஃபிளாக் எண்களைப் பூஜ்யமாக்கினார். ஃபிரேம் வேகம் சட்டென்று ஏறியது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சுழன்றுகொண்டிருந்த காற்றாடி நின்றுவிட்டது. சில மின்கம்பங்களைக் காணவில்லை. சிமுலேட்டர் எழுதிவைக்கும் லாக் கோப்பைப் பார்த்தால் ஷேப் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. ஃபிளாக் எண் நிழலை மட்டும் குறிப்பதில்லை. பொருள் அசைய வேண்டுமா என்பதற்கு ஒரு பிட். ஷேப்பைத் தடத்தின் கோப்புறையில் தேடாமல் எல்லாத் தடங்களுக்கும் பொதுவான குளோபல் கோப்புறையில் தேட வேண்டும் என்பதற்கு ஒரு பிட். எண்ணை முழுதாக அழித்தால் எல்லாமே போய்விடும். பிரதியை மீட்டு, தேர்ந்தெடுத்த மரப் பதிவுகளில் நிழல் பிட்டை மட்டும் கழிக்கும் சிறு நிரலை அவரே எழுதினார். அந்த நிரல் பிறகு மற்ற டைல்களுக்கும் பயன்பட்டது.

இரண்டாவது இடறல் காட்டுப் பொருளில். நிரப்பிய மரங்களில் சில தண்டவாளத்தின் நடுவில் நின்றன. ஒன்று ஹோம் சிக்னலை மறைத்தது. எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தால் அந்த மரம் போய்விடும் என்று ஆசிரியர் நினைத்தார். அது போனது. ஆனால் மற்ற மரங்களும் இடம் மாறி, வேறொன்று சாலையில் வந்து நின்றது. மரங்களின் இடங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைவதற்காக, பரப்பின் இடத்தையும் எண்ணிக்கையையும் வைத்தே சிமுலேட்டர் அவற்றைக் கணக்கிடுகிறது. எண்ணிக்கையை ஒன்று மாற்றினாலும் தோப்பு முழுவதும் புதிதாக அமையும். எண்ணைத் திருகித் திருகிப் பார்ப்பது இதற்கு வழியல்ல.

சரியான வழி, தடத்தின் பொது அமைப்புகளைக் கொண்ட டி.ஆர்.கே. கோப்பில் இருந்தது. தண்டவாளத்திலிருந்து எத்தனை மீட்டருக்குள் காட்டு மரங்கள் வரக்கூடாது என்பதைச் சொல்ல ஒரு வரி, சாலைகளிலிருந்தும் நீக்கச் சொல்ல இன்னொரு வரி. இவற்றை மூலக் கோப்பில் எழுதாமல், தடத்தின் கோப்புறைக்குள் ஓப்பன் ரெயில்ஸ் என்ற துணைக் கோப்புறையில் அதே பெயரில் ஒரு கோப்பு வைத்து, அது மூலக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினோம். பழைய சிமுலேட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு மூலக் கோப்பு மாறாமல் இருக்கும். ஹோம் சிக்னல் பக்கத்தில் மட்டும் பரப்பையே சுருக்கினோம். சிக்னல் பார்வைக்கு வர வேண்டிய தூரம் வளைவில் அதிகம் என்பதால் பொதுவான தூர வரம்பு அங்கே போதவில்லை.

விளைவு

மடிக்கணினியில் ஹோம் சிக்னலிலிருந்து நடைமேடை வரை ஃபிரேம் வேகம் 30க்குக் குறையாமல் நின்றது. அடர்த்தியை 4 ஆக்கி ஓட்டியபோது தோப்பு மறைந்தது. நிறுத்தப் பலகை, தண்ணீர்த் தொட்டி, விசில் பலகைகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவர் வண்டியைப் பலகைக்கு நேராக நிறுத்திவிட்டு அதைப் படம் பிடித்து அனுப்பினார். நிழல் எண்ணிக்கைதான் அதிகமாகச் சரிந்தது. காட்டுப் பொருளாக மாற்றியதைவிட நிழல் பிட்டை நீக்கியதே அந்தக் கணினிக்குக் கூடுதலாக உதவியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மேசைக்கணினியில் பனிக்காலம் சரியானது. ஆனால் அவரிடமிருந்து ஒரு மறுப்பு வந்தது. நடைமேடையின் கிழக்கு முனையில் காட்டுப் பரப்பு மிக நெருக்கமாக வந்துவிட்டது. வண்டி நின்றிருக்கும்போது பக்கவாட்டுச் சன்னல் வழியே பார்த்தால் தட்டையான மரங்கள் கண்ணை உறுத்துகின்றன என்றார். போய்ப் பார்த்தோம், உண்மைதான். பரப்பைப் பின்னால் தள்ளி, முன்னால் தொகுப்பின் அழகான மரங்களில் சிலவற்றை மறுபடியும் தனித்தனியாக நட்டோம். ஓட்டுநர் நின்று பார்க்கும் இடத்தில் தரம், ஓடிக்கொண்டே கடக்கும் இடத்தில் சிக்கனம் என்ற கணக்கு அங்கேதான் பிறந்தது. மற்ற நிலையங்களுக்கும் அதையே பின்பற்றினோம்.

குளிர்காலத்தில் இன்னொரு குறை எஞ்சியது. காட்டுப் பொருளுக்குக் கொடுத்த மர டெக்ஸ்சருக்குப் பனி வடிவம் இல்லை. முன்வரிசை வெண்மையாகவும் பின்வரிசை பச்சையாகவும் இருந்தது. ஆசிரியர் தாமே அதற்கு ஒரு பனி டெக்ஸ்சர் வரைந்து பனிக் கோப்புறையில் சேர்த்த பிறகே அது தீர்ந்தது.

அடுத்த தடத்தில் மாற்றிச் செய்ய வேண்டியவை

விவர நிலைகளை முதல் பொருளை நடுவதற்கு முன்பே வகுத்துவிட வேண்டும். எடிட்டரின் பொருள் பட்டியலாக இருக்கும் ரெஃப் கோப்பில் ஒவ்வொரு பொருளும் எந்த வகுப்பில் வருகிறது என்று பிரித்து வைத்து, அந்த வகுப்புக்கு உரிய நிலையை ஒரு தாளில் எழுதிக் குழுவில் எல்லோரிடமும் கொடுத்துவிட்டால், ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பின்னர் தேடித் திருத்த வேண்டியிருக்காது. இந்தத் தடத்தில் அதிக நேரத்தை விழுங்கியது திருத்தம் அல்ல. எந்த மரம் முன்வரிசை, எந்த மரம் பின்வரிசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்ததுதான்.

வெளியிலிருந்து எடுக்கும் தொகுப்பை நடுவதற்கு முன் ஒரு வெற்று டைலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மரத்துக்கு எத்தனை டெக்ஸ்சர், எத்தனை தொலைவுப் படிநிலை, எஸ்.டி. கோப்பில் என்ன எண், மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்ற நான்கையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். அனுமதியைக் கேட்பது இதில் முதலில் வர வேண்டும். ஆயிரம் மரங்களை நட்ட பிறகு கேட்டால், மறுப்பு வரும்போது செய்வதற்கு எதுவும் இருக்காது.

குறைந்த அடர்த்தியில் ஓட்டிப் பார்ப்பதைச் சோதனையின் தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறோம். இதுவரை தடம் முடிந்த பிறகு கடைசியில்தான் அதைச் செய்தோம். அடர்த்தியை 0 ஆக்கி, ஓட்டுநர் அறைப் பார்வையில், தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்ட முடிய வேண்டும். எங்கே நிறுத்துவது, எங்கே விசில் அடிப்பது, எங்கே பிரேக் பிடிப்பது என்பது அப்போதும் தெரிய வேண்டும். அது தெரியாத இடத்தில் எந்தப் பொருளுக்கோ தவறான நிலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

மரத் தொகுப்பை உருவாக்கியவரிடமிருந்து இதற்கிடையில் பதில் வந்துவிட்டது. எளிய இரண்டாவது மாதிரி ஒன்றை அவரே செய்து தருவதாகவும், 400 மீட்டருக்கு மேல் அது வரும்படி படிநிலையை அமைப்பதாகவும் எழுதியிருக்கிறார். அது கைக்கு வந்ததும் நிலைய டைலை மறுபடியும் அளக்கப்போகிறோம். முன்வரிசை மரங்களின் விவர நிலையை 5இலிருந்து 4 ஆக்கி, மடிக்கணினியில் ஓட்டுகிறவருக்கும் தோப்பின் முகப்பைத் திருப்பித் தர முடிகிறதா என்பதை அந்த அளவீட்டை வைத்து முடிவு செய்வோம்.